யார் சமைத்தது, யார் சாப்பிட்டது: சிகாகோ சாண்ட்விச்சுகளின் பின்னணி

தமிழில் சிகாகோ என்றதும் இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வரும். 1893-இல் அங்கே கூடிய சர்வ சமய மாநாட்டில் விவேகானந்தர் ஆற்றிய உரை ஒன்று. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-இல் தொழிலாளர்கள் நடத்திய போராட்டமும் ஹேமார்க்கெட்டில் சிந்திய இரத்தமும் இன்னொன்று. மே தினம் அங்கிருந்து வந்ததுதான். இந்த இரண்டுமே அந்த ஊரின் சாப்பாட்டோடு பக்கத்துத் தொடர்பு உள்ளவை. சர்வ சமய மாநாடு நடந்தது உலகக் கண்காட்சியை ஒட்டி. அதே கண்காட்சியில் ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்த எமில் ரைக்கல், சாமுவேல் லடானி என்ற இருவர் மாட்டிறைச்சி சாசேஜ் விற்றார்கள். அந்த வியாபாரம்தான் பின்னால் 'வியன்னா பீஃப்' நிறுவனமாகி இன்றுவரை சிகாகோவின் ஹாட் டாக் கடைகளுக்குச் சரக்கு கொடுத்துக்கொண்டிருக்கிறது. எட்டு மணி நேர வேலைக்காகத் தெருவில் இறங்கியவர்களில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களும் இருந்தார்கள். 1886 மே மாதம் அதைப் பெற்றார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் இழந்தார்கள்.

சிகாகோவின் சாண்ட்விச்சுகளைப் பற்றி எழுதும்போது இந்த இறைச்சிக்கூடங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1865 கிறிஸ்துமஸ் அன்று, பல ரயில் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து நகரின் தெற்கே 'யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்' என்ற மாபெரும் கால்நடைச் சந்தையைத் திறந்தன. மேற்கே புல்வெளிகளில் வளர்ந்த மாடும் பன்றியும் ரயிலில் வந்து இங்கே இறங்கும். பக்கத்துக் கூடங்களில் வெட்டுப்படும். 1880-களில் குஸ்டாவஸ் ஸ்விஃப்ட் பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய ரயில் பெட்டிகளை ஓடவிட்ட பிறகு, உயிருள்ள மாட்டுக்குப் பதிலாக வெட்டிய இறைச்சியே நியூயார்க் வரை போகத் தொடங்கியது. 1900 வாக்கில் 25,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். ஐரிஷ்காரர், ஜெர்மானியர், போலந்துக்காரர், லிதுவேனியர் என்று அலை அலையாக வந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து, தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரும் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள்.

நல்ல கறியெல்லாம் ரயிலேறிக் கிழக்கே போய்விடும். வெட்டியவர்கள் வீட்டுக்கு வந்தது தொடையிலும் பின்பகுதியிலும் உள்ள நார் மிகுந்த கறி. சிகாகோவின் சமையல் புத்தி முழுவதும் இந்த ஓர் இடத்தில் தொடங்குகிறது: கடிக்க முடியாத கறியைக் கடிக்கும்படி செய்வது எப்படி, கொஞ்சம் கறியைப் பலருக்குப் பங்கு வைப்பது எப்படி.

அதற்கு இத்தாலியர்கள் கண்ட விடைதான் இன்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியிருக்கும் 'இத்தாலியன் பீஃப்'. இத்தாலியில் இப்படியொரு பண்டம் கிடையாது. சிகாகோவில் குடியேறிய ஏழை இத்தாலியக் குடும்பங்களின் கல்யாணங்களில் பிறந்தது இது. மண்டபமோ தேவாலயத்தின் அடித்தளமோ கிடைத்த இடத்தில் கல்யாணத்தை நடத்தி, வேர்க்கடலையும் பீரும் சாண்ட்விச்சும் மட்டும் கொடுத்து அனுப்பியதால் அவற்றுக்கு 'வேர்க்கடலைக் கல்யாணம்' என்றே பேர். இருப்பதோ ஒரு துண்டு மலிவான கறி. வந்திருப்பவர்களோ நூறு பேர். கறியைப் பூண்டு, ஓரிகானோ, மிளகு தடவி, தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்து மெதுவாகச் சுட்டார்கள். ஆறவிட்டு, காகிதம் போல மெல்லியதாகச் சீவினார்கள். சுட்டபோது இறங்கிய சாற்றில் அந்தச் சீவல்களை முக்கி, நீளமான ரொட்டியில் அடைத்துக் கொடுத்தார்கள். மெல்லியதாகச் சீவினால் நார் அறுந்துவிடும், பல்லுக்கு மெத்தென்று இருக்கும். ஒரு துண்டுக் கறி பல ரொட்டிகளுக்கு வரும். சாறு ரொட்டியிலும் ஏறுவதால் கறி கொஞ்சமாக இருந்தாலும் வாய் நிறையக் கறியின் ருசி இருக்கும். சிக்கனமும் ருசியும் இவ்வளவு சுத்தமாக ஒன்றாகச் சேர்ந்த சமையல் முறைகள் அதிகம் இல்லை.

பொருளாதாரப் பெருமந்தத்தின் பிடி விடாத 1938-இல் அல் ஃபெரேரி, தன் சகோதரி பிரான்சிஸ், அவருடைய கணவர் கிறிஸ் பசேலியோடு சேர்ந்து ஆரம்பித்த கடைதான் 'அல்ஸ்'. டெய்லர் தெருவில் அது இப்போதும் இருக்கிறது. ஸ்காலா என்ற இறைச்சி நிறுவனத்தாரும் இந்தச் சாண்ட்விச்சின் பிறப்பில் தங்களுக்குப் பங்கு உண்டு என்று சொல்வார்கள். எந்தக் குடும்பம் முதலில் செய்தது என்ற வழக்கைத் தீர்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. கல்யாண வீட்டுப் பெண்கள் பலர் ஒரே சமயத்தில் செய்துகொண்டிருந்த ஒன்றைக் கடைக்காரர்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்தக் கடைகளில் ஒன்றின் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கறியை முதல் நாளே சுட்டு, குளிரவைத்து, இறுகிய பிறகுதான் சீவும் இயந்திரத்தில் ஏற்றுவார்கள். சூட்டோடு சீவினால் பிய்ந்துவிடும். சீவிய கறியைச் சூடான சாற்றில் அதிக நேரம் விட்டுவைக்கவும் கூடாது. சுருண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஆர்டர் வந்ததும் ஒரு பிடி அள்ளிச் சாற்றில் போட்டு, சூடு ஏறியதும் இடுக்கியால் தூக்கி ரொட்டிக்குள் வைக்கிறார்கள். பிறகு கேள்வி வரும். சாறு சொட்டாமல் வேண்டுமா? மேலே ஒரு கரண்டி ஊற்ற வேண்டுமா? அல்லது முழுச் சாண்ட்விச்சையும் முக்கித் தர வேண்டுமா? 'டிரை', 'வெட்', 'டிப்ட்' என்று ஒரே சொல்லில் பதில் வர வேண்டும், பின்னால் வரிசை நிற்கிறது. 'டிப்ட்' என்றால் சாண்ட்விச்சை இடுக்கியில் பிடித்தபடியே சாற்றுக்குள் அமிழ்த்தி எடுத்து, வெள்ளைத் தாளில் சுற்றித் தருவார்கள். தாள் நனைந்துவிடுவதற்குள் சாப்பிட வேண்டும். முழங்கை இரண்டையும் கவுண்டரில் ஊன்றி, கால்களை ஓரடி பின்னுக்குத் தள்ளி, முன்னால் சாய்ந்து நின்றுதான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். சட்டையில் சொட்டாமல் இருக்க வேறு வழியில்லை.

இதில் ரொட்டிக்காரருக்குச் சேர வேண்டிய பெருமையை யாரும் கொடுப்பதில்லை. சாதாரண ரொட்டி அந்த முக்கலில் கரைந்து போகும். மேல் தோல் இறுக்கமாகவும் உள்ளே சாறு குடிக்கும்படியும் இருக்கிற ரொட்டிதான் தாங்கும். கொனெல்லா, துரானோ என்ற இரண்டு இத்தாலியக் குடும்ப பேக்கரிகள் அந்த ரொட்டியைச் சுட்டுக் கொடுத்துத்தான் சிகாகோவின் பீஃப் கடைகள் ஓடுகின்றன. கொனெல்லா 1886-இலிருந்தே அந்த ஊரில் இருக்கிறது. சிகாகோவுக்கு வெளியே இந்தச் சாண்ட்விச்சைச் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது ரொட்டியில்தான்.

இரண்டாவது கேள்வி: 'ஸ்வீட்' வேண்டுமா, 'ஹாட்' வேண்டுமா? ஸ்வீட் என்றால் வதக்கிய குடைமிளகாய். ஹாட் என்றால் ஜார்டினியேரா. நம் ஊர் ஊறுகாயைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஜார்டினியேராவை விளக்கவே வேண்டாம்: செலரித் தண்டு, காலிஃபிளவர், கேரட், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, உப்பில் வைத்து, பிறகு எண்ணெயில் ஊறப்போட்டது. இத்தாலியில் இதையே வினிகரில் போடுவார்கள், காரம் இருக்காது. சிகாகோவில்தான் அது எண்ணெய்க்கும் காரத்துக்கும் மாறியது. அதில் விழும் செரானோ மிளகாய் மெக்சிகோவுடையது. ஆக, இத்தாலிய ஊறுகாய்க்கு மெக்சிகோ காரம் ஏற்றி, போலந்துக்காரரும் கறுப்பினத்தவரும் வெட்டிய மாட்டின் கறிமேல் போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். சிகாகோ சாண்ட்விச்சுகளைப் பெயரைப் பார்த்து 'இது இத்தாலியருடையது, இது போலந்துக்காரருடையது' என்று பங்கு பிரித்துவிட்டால் விஷயம் கை நழுவிவிடும். அவை ஒரு சமூகத்தின் பாரம்பரியச் சமையல் அல்ல. விற்றவர் ஓர் ஊர்க்காரர், வாங்கியவர் வேறு ஊர்க்காரர், இருவருக்கும் நடுவில் இருந்த கவுண்டரில் உண்டானவை அவை. அமெரிக்காவிலேயே இனவாரியாக மிகக் கடுமையாகப் பிரிந்து கிடக்கும் நகரங்களில் சிகாகோ ஒன்று. குடியிருக்கும் தெருவால் பிரிந்தவர்கள் சாப்பாட்டுக் கவுண்டரில் மட்டும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு மேக்ஸ்வெல் தெருவை விடச் சிறந்த சாட்சி இல்லை. 1880-களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் தள்ளுவண்டியில் தொடங்கிய சந்தை அது. 1912-இல் மாநகராட்சி அதை முறைப்படி ஏற்றது. யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை சந்தை களைகட்டும். மற்றக் கடைகளெல்லாம் மூடியிருக்கும் அந்த நாளில் நகரமே அங்கே திரளும். தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்களுக்கு அது துணி வாங்கும் இடம், வேலை விசாரிக்கும் இடம், பாட்டுக் கேட்கும் இடம். மிசிசிப்பியிலிருந்து கிட்டாரோடு வந்தவர்கள் பக்கத்துக் கடையிலிருந்து மின்கம்பி இழுத்து, சந்தை இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி வாசித்தார்கள். சிகாகோவின் மின்சார புளூஸ் இசை வளர்ந்த மண்ணில் இந்தத் தெருவும் ஒன்று.

அங்கே 1939-இல் மாசிடோனியாவிலிருந்து வந்த ஜிம்மி ஸ்டெஃபனோவிச் தன் உறவினரின் ஹாட் டாக் கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தார். அதுதான் 'ஜிம்ஸ் ஒரிஜினல்'. அவர் விற்றதில் பேர் பெற்றது 'மேக்ஸ்வெல் ஸ்ட்ரீட் போலிஷ்': போலந்து பாணி சாசேஜைக் கல்லில் போட்டுப் பொரித்து, பன்னில் வைத்து, மஸ்டர்ட் தடவி, மேலே ஒரு குவியல் வதக்கிய வெங்காயம். கூடவே பச்சையாக ஊறப்போட்ட சின்ன மிளகாய். உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தனிக் காசு கிடையாது, அதே பொட்டலத்துக்குள் திணித்துத் தருவார்கள். மாசிடோனியர், போலந்துக்காரரின் சாசேஜை, யூதர்களின் சந்தையில், கறுப்பின வாடிக்கையாளருக்கு விற்றார். இரவு வேலை முடிந்து வருகிறவர்களுக்குச் சூடாக ஏதாவது கிடைக்கட்டும் என்று கடை இரவு பகலாகத் திறந்திருந்தது. அந்த வெங்காயக் குவியல் எப்போதும் கல்லின் ஓரத்தில் வதங்கிக்கொண்டே இருக்கும். கடைக்கு விளம்பரப் பலகையே அந்த வாசனைதான்.

அதே கவுண்டரில் கிடைக்கும் இன்னொன்று பன்றி இறைச்சிச் சாண்ட்விச். மெல்லிய துண்டை எலும்போடு சுட்டு, எலும்போடேயே பன்னுக்குள் வைத்துவிடுவார்கள். எலும்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் கடித்துச் சாப்பிட வேண்டும். எலும்பு எடுக்கக் கூலி கொடுத்தால் விலை ஏறும், எலும்பை விட்டால் ருசியும் கூடும். தெருச் சாப்பாட்டில் இப்படிக் காசும் ருசியும் ஒரே பக்கம் இழுக்கும்போது அந்தப் பண்டம் நிலைத்துவிடும்.

ஹாட் டாக்கைச் சாண்ட்விச் என்று சொல்லலாமா என்பதில் அமெரிக்கர்களுக்கே ஒருமித்த கருத்தில்லை. அதனால் சுருக்கமாக: 1929-இல் ஃப்ளூக்கிஸ் என்ற கடை மேக்ஸ்வெல் தெருவில் ஐந்து சென்ட்டுக்கு ஒரு ஹாட் டாக் விற்றது. தக்காளி, வெங்காயம், ஊறிய வெள்ளரிக்காய், மிளகாய் எல்லாம் அதன்மேல் ஏறின. கசகசா தூவிய பன்னுக்குள் ஒரு வேளைச் சாப்பாடே அடங்கியது. கெட்சப் மட்டும் கூடாது. யூத வாடிக்கையாளர்கள் பன்றி இறைச்சி சாப்பிட மாட்டார்கள் என்பதால் சாசேஜ் முழுக்க மாட்டிறைச்சி. அது இன்றும் மாறவில்லை.

இந்த இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் என்பதை வரைபடத்தில் பார்த்தால்தான் தெரியும். வடக்கிலிருந்து தெற்காக ஓடும் ஹால்ஸ்டெட் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிரேக்கர்களின் பகுதி, கொஞ்சம் தள்ளி இத்தாலியர்களின் டெய்லர் தெரு, அடுத்து மேக்ஸ்வெல் தெரு, இன்னும் தெற்கே போனால் ஐரிஷ்காரர்களின் பிரிட்ஜ்போர்ட், பிறகு ஸ்டாக் யார்ட்ஸின் கிழக்கு எல்லை. ஒரே தெரு. அந்தத் தெருவின் நடுவில் 1965-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் எழுந்தது. இத்தாலியப் பகுதியின் பெரும்பாகமும் கிரேக்கப் பகுதியின் ஒரு பாகமும் இடிபட்டன. இடிக்க வேண்டாம் என்று அந்தப் பகுதிப் பெண்கள் மேயர் அலுவலகம் வரை போய்ப் போராடியும் நடக்கவில்லை. 1994-இல் அதே பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத்துக்காக மேக்ஸ்வெல் தெருச் சந்தையும் இடம்பெயர்க்கப்பட்டது. ஜிம்ஸ் ஒரிஜினல் சற்றுத் தள்ளி, நெடுஞ்சாலை ஓரமாகப் போய் நின்றது. பல்கலைக்கழகம் படிப்பைக் கொடுத்தது உண்மை. ஏழைகளின் பிள்ளைகள் பலர் அங்கேதான் பட்டம் வாங்கினார்கள். ஆனால் ஒரு நகரம் தன் சாப்பாட்டை உண்டாக்கிய தெருக்களையே இடித்துவிட்டு, பிறகு அந்தச் சாப்பாட்டைப் பெருமையாகச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவது எனக்கு ஆறாத வருத்தம்.

கிரேக்கர்களைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. சுழலும் கறிக் கூம்பிலிருந்து சீவி ரொட்டியில் வைத்துத் தரும் சாண்ட்விச்தான் யீரோ. அமெரிக்கா முழுக்க விற்கும் யீரோவின் பெரிய கறிக் கூம்பு கிரேக்க நாட்டிலிருந்து வந்ததல்ல. கிரேக்கத்தில் பன்றித் துண்டுகளைக் கம்பியில் அடுக்கிச் சுடுவார்கள். மாட்டையும் ஆட்டையும் கொத்தி, ரொட்டித்தூளும் மசாலாவும் சேர்த்து, அச்சில் அழுத்தி, உறையவைத்து, லாரியில் ஏற்றி நாடெங்கும் அனுப்பும் முறையை 1970-களில் சிகாகோவின் கிரேக்கத் தொழிலதிபர்கள்தான் பெருந்தொழிலாக்கினார்கள். 1975-இல் தொடங்கிய 'குரோனோஸ்' அவற்றில் பெரியது. ஸ்டாக் யார்ட்ஸ் 1971-இல் மூடப்பட்டுவிட்டது என்றாலும், இறைச்சியைத் தொழிற்சாலையில் வடிவாக்கி ஊர் ஊராக அனுப்பும் வித்தை ஊரை விட்டுப் போகவில்லை. நகரின் ஒவ்வொரு மூலையிலும் இருந்த சின்னச் சின்னக் கடைகளுக்கு அந்தக் கூம்பு வந்து சேர்ந்தது. அதன் விளைவைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

வடமேற்கே ஹம்போல்ட் பார்க் பகுதி. இங்கே கதை வேறு மாதிரி. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917-இலிருந்தே அமெரிக்கக் குடிமக்கள். 1940-களின் பிற்பகுதியில் வீட்டு வேலைக்கும் வார்ப்பாலை வேலைக்கும் ஆள் பிடித்து அவர்களைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் குடியேறிய லிங்கன் பார்க் பகுதியில் வாடகை ஏற ஏற மேற்கே தள்ளப்பட்டு ஹம்போல்ட் பார்க் வந்து சேர்ந்தார்கள். இனி நகர மாட்டோம் என்று சொல்வதைப்போல 1995-இல் டிவிஷன் தெருவின் குறுக்கே 59 அடி உயரத்தில் எஃகினால் ஆன இரண்டு புவேர்ட்டோ ரிக்கோ கொடிகளை நிறுத்தினார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1996-இல், அந்தப் பகுதியில் 'போரிங்கென்' என்ற உணவகத்தை நடத்திய ஹுவான் ஃபிகெரோவா ஒரு புவேர்ட்டோ ரிக்கோ நாளிதழில் வாழைக்காய்ச் சாண்ட்விச் பற்றிய செய்தியைப் படித்துவிட்டுத் தானும் செய்து பார்த்தார். 'ஹிபரித்தோ' அப்படி வந்தது. இதில் ரொட்டியே கிடையாது. பச்சை வாழைக்காயைத் தோல் உரித்து, நீளவாக்கில் பிளந்து, ஒரு முறை எண்ணெயில் பொரித்து, வெளியே எடுத்துப் பலகையால் தட்டையாக அழுத்தி, திரும்பவும் பொரிக்கிறார்கள். முதல் பொரிப்பில் உள்ளே வேகும், இரண்டாவதில் விளிம்பு மொறுமொறுப்பாகும். அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் மெல்லிய மாட்டிறைச்சி, லெட்யூஸ் கீரை, தக்காளி, சீஸ், மயோனைஸ். மேல் தகட்டில் பூண்டும் எண்ணெயும் தடவுவார்கள். கடித்தால் முதலில் பூண்டு, பிறகு உப்பு, பிறகு வாழைக்காயின் மாவுத்தன்மை. பக்கத்தில் ஒரு தட்டு சோறு வரும். அதில் கிடப்பது பச்சைத் துவரை. துவரை இந்தியாவில் தோன்றிய பயிர். அது அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளுக்குப் போய், அங்கிருந்து சிகாகோவுக்கு வந்திருக்கிறது. கோழி வைத்தும் காய்கறி வைத்தும் ஹிபரித்தோ செய்கிறார்கள் என்பதால், மாட்டிறைச்சி சாப்பிடாத நம்மவர்கள் தயங்காமல் போகக்கூடிய கடைகள் இவை.

வெனிசுவேலாவின் மராகைபோ நகரிலும் வாழைக்காய்க்கு நடுவே கறி வைத்துச் சாப்பிடும் பழக்கம் உண்டு. எனவே யோசனை முழுக்கச் சிகாகோவில் உதித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதை அந்த ஊர் சாண்ட்விச் ஆக்கியது ஹம்போல்ட் பார்க். சில ஆண்டுகளிலேயே நகரின் மற்றப் புவேர்ட்டோ ரிக்கோ கடைகளும், பிறகு அவர்கள் அல்லாதவர்களும் அதைச் செய்யத் தொடங்கினார்கள். வீட்டு வாடகை மறுபடியும் ஏறி, அந்த மக்கள் மறுபடியும் மேற்கே தள்ளப்படும் இந்த நாளில் சாண்ட்விச் மட்டும் எல்லாத் திசையிலும் பரவுகிறது.

இத்தாலியன் பீஃபுக்கும் ஹிபரித்தோவுக்கும் புகழ் கிடைத்தாயிற்று. நகரின் தென்புறத்துக்கு அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை. 1910-இல் சிகாகோவில் கறுப்பினத்தவர் சுமார் 44,000 பேர். 1970-இல் 11 லட்சம். வேலையும் மரியாதையும் தேடி ரயிலேறி வந்த இவர்களுக்கு, வீடு விற்கக் கூடாது என்ற பத்திரங்களும், கடன் தர மறுத்து வங்கிகள் வரைந்த எல்லைக் கோடுகளும் தென்புறத்திலும் மேற்கிலும் சில பகுதிகளை மட்டுமே விட்டுவைத்தன. அங்கே பெரிய கடைகள் வரத் தயங்கின, வந்தவையும் நிலைக்கவில்லை. எங்கல்வுட் பகுதியில் 2016-இல் பெரும் ஆரவாரத்தோடு திறந்த ஒரு பேரங்காடி 2022-இல் மூடப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் மூலைக் கடையும், நீள ரொட்டிச் சாண்ட்விச் விற்கும் சப் கடையும்தான் சாப்பாட்டுக்குக் கதி.

தென்புறத்தின் பழைய பண்டம் 'மதர்-இன்-லா'. மாமியார் என்று ஏன் பேர் வைத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். செய்முறை எளிது: சோளமாவுக்குள் கறி வைத்து வேகவைத்த தமாலே ஒன்றை ஹாட் டாக் பன்னில் படுக்கவைத்து, மேலே கொத்துக்கறிச் சில்லியை ஊற்றுவார்கள். இந்தத் தமாலே மெக்சிகோ வீடுகளில் சோளத் தோகையில் சுற்றி அவிப்பது அல்ல. இயந்திரத்தில் பிழிந்து, தாளில் சுற்றி வருவது. மெக்சிகோ தமாலே மிசிசிப்பி டெல்டாவின் பருத்தி வயல்களில் கறுப்பினத்தவர் சமையலில் கலந்து, அவர்களோடு வடக்கே வந்தது என்பது ஒரு வழி. சிகாகோவிலேயே தெருவில் தமாலே விற்ற பழைய வழக்கம் இன்னொரு வழி. இரண்டும் ஹாட் டாக் கடையின் ஆவிப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. சாசேஜுக்குப் பக்கத்தில் தமாலேயும் சூடாக இருந்தால் பன்னுக்குள் வைப்பது இயல்பாக நடக்கும்.

கடைசியாக, எனக்கு இந்த ஊர்ச் சாண்ட்விச்சுகளிலேயே முக்கியமானதாகத் தோன்றும் 'ஜிம் ஷூ'. இதைக் கண்டுபிடித்தேன் என்று பேர் போட்டுக்கொண்ட உணவகம் இல்லை, நிறுவனர் நாள் இல்லை. தென்புறத்தின் சப் கடைகளில் தானாக வளர்ந்தது. சூடான கல்லில் மூன்று கறிகள் ஒன்றாக விழுகின்றன: உப்பில் ஊறிய கார்ண்டு பீஃப், சுட்ட மாட்டிறைச்சி, யீரோக் கூம்பிலிருந்து சீவிய கறி. வெங்காயத்தோடு சேர்த்துக் கரண்டியால் கொத்தி, மேலே சீஸ் போட்டு உருகவிட்டு, நீள ரொட்டியில் தள்ளுகிறார்கள். கீரை, தக்காளி, மயோனைஸ், மஸ்டர்ட், கிரேக்கர்களின் தயிர்ச் சட்னி, கடைசியில் ஜார்டினியேரா. கையில் வாங்கினால் ஒரு குழந்தையின் எடை மாதிரி கனக்கும். பல கடைகளில் வாடிக்கையாளருக்கும் கல்லுக்கும் நடுவே குண்டு துளைக்காத தடித்த கண்ணாடி இருக்கும். காசைச் சுழலும் பெட்டியில் வைத்தால் அது அந்தப் பக்கம் திரும்பிப் பொட்டலத்தோடு இந்தப் பக்கம் வரும்.

எண்ணிப் பாருங்கள். கார்ண்டு பீஃபை இந்த நாட்டில் பழக்கியவர்கள் யூதர்களும் ஐரிஷ்காரர்களும். யீரோவும் தயிர்ச் சட்னியும் கிரேக்கர்களுடையவை. ஜார்டினியேரா இத்தாலியருடையது. வாங்கிச் சாப்பிடுபவர்கள் கறுப்பினத்தவர். கடை நடத்துபவர்களில் பலர் அரபு நாடுகளிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். ஹால்ஸ்டெட் தெருவில் வரிசையாக இருந்த அத்தனை சமூகங்களும் ஒரே ரொட்டிக்குள் இருக்கின்றன. ஆனாலும் நகரின் வடபகுதியில் பிறந்து வளர்ந்தவர்களில் இதைப் பேராலும் அறியாதவர்கள் ஏராளம்.

2022-இல் ஒரு சிகாகோ பீஃப் கடையைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு, இத்தாலியன் பீஃபை லண்டன் வரை தேட ஆரம்பித்தார்கள். நல்லதுதான், அந்தக் கடைக்காரர்கள் உழைப்புக்குக் கிடைத்த பலன். ஆனால் எழுதுகிறவர்களும் படம் எடுப்பவர்களும் எந்தத் தெரு வரை போகிறார்களோ அதுவரைதான் புகழ் போகும் என்பதற்கும் அதுவே சான்று. அல்ஸ் கடையின் கல்யாணக் கதை நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அந்தக் குடும்பத்திடம் போய்க் கேட்டவர்கள் இருந்தார்கள். ஜிம் ஷூவை முதலில் கொத்திய கையைக் கேட்டுப் பதிவு செய்ய அப்போது ஆள் போகவில்லை. இப்போதாவது அந்தக் கடைக்காரர்களையும் அவர்களுடைய பழைய வாடிக்கையாளர்களையும் உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும். உள்ளூர்ச் சாப்பாட்டு ஆர்வலர்கள் சிலர் அதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

சிகாகோ போகும் தமிழர்கள் டவுன்டவுனைச் சுற்றிவிட்டு, மளிகை வாங்க டெவான் அவென்யூ போய்த் திரும்பிவிடுவது வழக்கம். ஒரு பகலை ஒதுக்க முடிந்தால் ஹால்ஸ்டெட் தெருவில் ஓடும் 8-ஆம் எண் பேருந்தில் தெற்கு நோக்கி ஏறுங்கள். கிரேக்கப் பகுதி, பல்கலைக்கழகம், பிரிட்ஜ்போர்ட் எல்லாம் வரிசையாக வரும். டெய்லர் தெருவுக்கும் ஜிம்ஸ் ஒரிஜினலுக்கும் வழியில் இறங்கி நடந்துவிடலாம். ஸ்டாக் யார்ட்ஸில் எஞ்சி நிற்கும் சுண்ணாம்புக்கல் வாயிலும் பக்கத்தில்தான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமையாக இருந்தால் இத்தாலியக் கடைகளில் குடைமிளகாயும் முட்டையும் கலந்து வதக்கிய சாண்ட்விச் கிடைக்கும். கத்தோலிக்கர்கள் கறி தவிர்க்கும் நாள் அது. பேருந்து 79-ஆம் தெருவோடு நின்றுவிடும். அங்கிருந்து அதே தெருவில் கிழக்கே போகும் 79-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் ஸ்டோனி ஐலண்ட் அவென்யூ வரும். அந்தப் பக்கத்துச் சப் கடை ஒன்றில் ஜிம் ஷூ கேளுங்கள். மிளகாய் வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டும் என்று சொல்லுங்கள்.